வீட்டுக்கு புகை அலாரம்: திருகோணமலையில ஆக்கள் என்னட்ட திரும்ப திரும்ப கேக்கிற கேள்விகள்

நான் வீட்டு வயரிங் வேலை செய்யிறன். போன வருஷம் உப்புவெளியில ஒரு வீட்டுக்கு விடிய கூப்பிட்டாங்க, ராத்திரி அறை பத்திட்டு, கரண்டாலயா எண்டு பாருங்க எண்டு. வயர் ஒண்டுக்கும் ஒண்டும் இல்ல. கட்டிலுக்கு கீழ நுளம்புத்திரி தட்டு கிடந்தது, தொங்கின பெட்ஷீட் நுனி அதில பட்டு மெத்தையில ஒரு சாப்பாட்டு கோப்பை அளவுக்கு ஓட்டை, அவ்வளவுதான் எரிஞ்சது. ஆனா சுவர பாத்தா நெஞ்சு உயரத்தில கோடு கீறின மாதிரி, அதுக்கு மேல முழுக்க கறுப்பு, கீழ வெள்ளை. அந்த கோடு இன்னும் ரெண்டடி இறங்கி இருந்தா கட்டில்ல படுத்த ஆக்கள்ட மூக்குக்கு வந்திருக்கும். அம்மம்மா பாத்ரூம் போக எழும்பினதால எல்லாரும் தப்பினாங்க. அண்டைக்கு பின்னேரமே என்ட வீட்டுக்கு அலாரம் பூட்டினன், அதுக்கு பிறகு வேலைக்கு போற வீடெல்லாம் இதத்தான் கதைக்கிறன். அப்ப வாற கேள்விகள்தான் கீழ இருக்கு, கேட்ட மாதிரியே போட்டிருக்கன்.

புகை அலாரம் எண்டா ஹோட்டல் சீலிங்ல சிவப்பா மின்னுமே, அதுவா? அத வீட்டுக்கு எப்பிடி வயர் இழுக்கிறது?

பாக்க அது மாதிரித்தான், ஆனா ஹோட்டல்ல இருக்கிறது ஒரு பெரிய பெனலுக்கு செய்தி அனுப்புற டிடெக்டர், தனிய கழட்டி வீட்டில வச்சா அதுவா சத்தம் போடாது. வீட்டுக்கு வேண்டியது புகைய பிடிக்கிறதும் சத்தம் போடுறதும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற சாமான். பெட்டரியில ஓடும், வயரே தேவையில்ல, ரெண்டு ஸ்க்ரூவும் ஏணியும் இருந்தா காணும். 3 மீட்டர் தள்ளி நிண்டா 85 டெசிபல் அளவுக்கு கத்தும், பூட்டின கதவுக்கு அங்கால நல்ல நித்திரையில இருக்கிற ஆளுக்கு அதுவும் சில நேரம் காணாது, அத பிறகு சொல்றன்.

எங்கட வீடு கல்லு வீடு தம்பி, சீமெந்து, ஓலை வீடு மாதிரி எரியாதே?

சுவர் எரியாதுதான் அக்கா. எரியிறது உள்ளுக்க இருக்கிற சாமான். பஞ்சு மெத்தை, சோபா, நைலோன் திரைச்சீலை, பிளாஸ்டிக் கதிரை, இதெல்லாம் எரிஞ்சா வாற புகை பழைய காலத்து மரக்கட்டில் எரிஞ்ச புகை மாதிரி இல்ல, கறுப்பா கனமா நஞ்சா வரும், காபன் மொனொக்சைட் எண்ட நஞ்சு வாயுவோட. கல்லு வீட்டில கதவு ஜன்னல பூட்டிட்டு படுத்தா அந்த புகைக்கு போக வழியும் இல்ல. வீட்டு நெருப்பில சாகிற கனபேர் சூட்டில சாகிறேல்ல, புகையிலதான். உப்புவெளி வீட்டில நெருப்புச்சுவாலை எண்டு சொல்ற அளவுக்கு ஒண்டுமே வரேல்ல, அத யோசிச்சு பாருங்க.

எரிஞ்சா மணம் வருமே, நாங்க எழும்ப மாட்டமா?

மாட்டம். முழிப்பா இருக்கேக்க ஒரு கறிவேப்பிலை கருகினாலும் மூக்கு பிடிக்கும், நித்திரையில மூக்கு வேலை செய்யாத மாதிரித்தான், காதுதான் ஓரளவுக்கு முழிச்சிருக்கும். அதோட மேல சொன்ன காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்ல, அத சுவாசிக்க சுவாசிக்க இன்னும் ஆழமா நித்திரை வரும். அதாலதான் மூக்கு செய்ய வேண்டிய வேலைய ஒரு பெட்டிக்கு குடுத்து அத காதுக்கு சொல்ல வைக்கிறம்.

ஒரு வீட்டுக்கு எத்தனை வேணும், எங்க பூட்டணும்?

முறைப்படி எண்டா படுக்கிற ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒண்டு, அறைகளுக்கு வெளிய ஹோல்ல ஒண்டு, மாடி இருந்தா ஒவ்வொரு தட்டுக்கும் ஒண்டு. காசு ஒண்டுக்குத்தான் இருக்கு எண்டா ஹோல்ல, படுக்கிற அறை வாசலுக்கு கிட்ட பூட்டுங்க, மிச்சத்த பிறகு ஒண்டொண்டா வாங்கலாம். ஒண்டுமே இல்லாம இருக்கிறத விட அந்த ஒண்டு எவ்வளவோ மேல்.

புகை மேலதான் போகும், அதால சீலிங் நடுவில. சுவரில பூட்டுறதெண்டா சீலிங்ல இருந்து 10 சென்டிமீட்டருக்கு கீழ, 30 சென்டிமீட்டருக்கு மேல, அந்த இடைவெளிக்குள்ள. சுவரும் சீலிங்கும் சேருற மூலைக்குள்ள காத்து அசையாது, புகை அதுக்குள்ள போகவே கனநேரம் எடுக்கும். ஃபேன் இறகு நுனியில இருந்து மூண்டடி தள்ளி வையுங்க, இது எங்கட ஊருக்கு முக்கியம், ஏனெண்டா இங்க வருஷம் முழுக்க ஃபேன் ஓடுது, அந்த காத்து புகைய அலாரத்துக்கு கிட்ட வர விடாம தள்ளிக்கொண்டே இருக்கும். ஏசி காத்து நேரா அடிக்கிற இடமும் பாத்ரூம் கதவுக்கு முன்னுக்கும் வேண்டாம்.

குசினியிலதானே நெருப்பு, அங்க பூட்டினா சரிதானே?

அங்க பூட்டினா ஒரு நாளைக்கு மூண்டு தரம் கத்தும், நாலாம் நாள் நீங்களே கழட்டி வைப்பீங்க, இது நான் கண்ணால கண்ட கதை. அடுப்பில இருந்து குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி, குசினிக்கு வெளிய பூட்டுங்க. குசினிக்குள்ள கட்டாயம் ஒண்டு வேணும் எண்டா வெப்ப அலாரம் எண்டு வேற ஒண்டு இருக்கு, அது புகைய பாக்காது, சூடு 57, 58 பாகைக்கு போனா கத்தும், மிளகாய் தாளிச்சாலும் பேசாம இருக்கும். ஆனா அது மெதுவாத்தான் எழும்பும், அதால படுக்கிற அறைக்கு அத வாங்காதீங்க.

எங்கட வீடு சீட் கூரை, சீலிங் அடிக்கேல்ல. எங்க கொண்டு போய் பூட்டுறது?

பாலையூத்து, அன்புவழிபுரம் பக்கம் கன வீட்டில இந்த கேள்விதான். முதல் விஷயம், அஸ்பெஸ்டஸ் சீட்டில ட்ரில் போட வேண்டாம், ஒரு சின்ன ஓட்டைக்கும் வேண்டாம், அந்த தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. சீட்ட தாங்குற மரத்தில பூட்டுங்க, இல்லாட்டி சுவரில.

ரெண்டாவது சூடு. கன அலாரத்தின்ட மெனுவல்ல 38, 40 பாகை வரைக்கும்தான் நல்லா வேலை செய்யும் எண்டு போட்டிருப்பான். சித்திரை வைகாசியில மத்தியானம் ரெண்டு மணிக்கு தகரத்துக்கு கீழ ஏணியில ஏறி நிண்டு பாருங்க, முகம் வேகும். அந்த சூட்டு காத்து மேல ஒரு படை மாதிரி நிக்கிறதால கீழ இருந்து மெல்லமா வாற புகை அத துளைச்சு மேல போகாம இடையிலயே பரவி நிக்கும். அதால கூரை முகட்டோட ஒட்டி பூட்டாதீங்க. முகட்டில இருந்து ஒரு சாண் இறங்கி, மூண்டடிக்குள்ள, வெயில் அடிக்காத உள் சுவரில எண்டா எனக்கு சரி வந்திருக்கு. தகரம் மிச்சம் பதிவா இருக்கிற சின்ன அறை எண்டா இன்னும் கொஞ்சம் இறக்குங்க, பூட்ட முதல் மத்தியானம் அந்த இடத்தில கைய வச்சு பாருங்க, கை பொறுக்காத இடத்தில அலாரமும் பொறுக்காது.

அறைச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாம மேல திறந்து கிடக்கிற பழைய வீடுகள்ல ஒரு அறை புகை எல்லா அறைக்கும் போகும், அங்க குசினி புகையும் சேந்து வரும், அடுத்த பதில்ல இருக்கிற வகைய பாத்து வாங்குங்க.

கடையில ரெண்டு வகை காட்டுறாங்க, ஒண்டு விலை கூட. எது நல்லம்?

ஃபோட்டோஎலெக்ட்ரிக் எண்டு போட்டிருக்கிறத வாங்குங்க. உள்ளுக்க ஒரு சின்ன எல்இடி வெளிச்சம் ஒரு பக்கமா அடிச்சுக்கொண்டு இருக்கும், புகை வந்தா அந்த வெளிச்சம் சிதறி பக்கத்தில இருக்கிற கண்ணில படும், உடன கத்தும். மெத்தை, துணி, நுளம்புத்திரி மாதிரி சுவாலை இல்லாம கனநேரம் புகைஞ்சு புகைஞ்சு எரியிறத இது வேளைக்கு பிடிக்கும், எங்கட வீடுகள்ல ராத்திரி நடக்கிறது அதுதான். மற்றது அயனைசேஷன், அது குப்பெண்டு பத்துற நெருப்ப கொஞ்சம் வேளைக்கு பிடிக்கும், ஆனா சமையல் புகைக்கு சும்மா சும்மா கத்தும்.

பெட்டிக்கு பின்னால ஈஎன் 14604 இல்லாட்டி யூஎல் 217 எண்டு தர நம்பர் இருக்கா எண்டு பாருங்க, ஒண்டுமே இல்லாம வெறும் படம் மட்டும் போட்ட பெட்டிய எடுக்காதீங்க. நான் அப்பிடி ஒண்டு மலிவுக்கு வாங்கி அலாரத்தின்ட ஓட்டைக்கு முன்னால ஒரு துணிய புகைச்சு பிடிச்சன், அசையவே இல்ல, ஆனா பட்டன அமத்தினா நல்லா கத்துது.

சித்தி கனடாவில இருந்து ஒண்டு கொண்டு வந்தவ, இங்கத்த கரண்டுக்கு பூட்டலாமா?

பின்னால பாருங்க. பெட்டரி மட்டும் எண்டா எந்த நாட்டு அலாரமும் இங்க ஓடும். வயர் தொங்குது, 120 வோல்ட் எண்டு போட்டிருக்கு எண்டா இங்கத்த 230 வோல்ட்ல குடுக்கவே கூடாது, நெருப்ப பிடிக்க வாங்கின சாமானே நெருப்பாகும். லண்டன்ல இருந்து வந்தது 230 வோல்ட், அது பிரச்சினை இல்ல.

அயனைசேஷன் வகை எண்டா உள்ளுக்க அமெரிசியம்-241 எண்டு ஒரு துளி கதிர்வீச்சு பொருள் இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த கதிர் ஒரு கடதாசிய கூட தாண்டாது, வீட்டில வச்சிருக்கிறதால ஒண்டும் வராது. ஆனா பிள்ளைகள் விளையாட உடைச்சு பாக்க விடாதீங்க, குப்பையோட போட்டு கொளுத்தவும் வேண்டாம்.

நுளம்புத்திரிக்கும் சாம்பிராணிக்கும் கத்துமா? வெள்ளிக்கிழமை எங்கட வீடு முழுக்க புகை.

நேரா கீழ வச்சா கத்தும். சாமி அறை வாசலுக்கு மேல பூட்டாம பத்தடி தள்ளி பூட்டுங்க, சாம்பிராணி காட்டேக்க ஜன்னல திறந்து விடுங்க. அமத்தி வைக்கிற பட்டன் இருக்கிற மொடல் எண்டா ஒருக்கா அமத்தினா ஏழெட்டு நிமிஷம் பேசாம இருந்து திரும்ப தானா வேலைக்கு வரும், வாங்கேக்க அத கேட்டு வாங்குங்க.

நுளம்புத்திரிய பத்தி ஒண்டு சொல்லோணும். கட்டிலுக்கு கீழ வைக்காதீங்க, துணி தொங்காத இடத்தில, சீமெந்து தரையில, தகரத்தட்டில வையுங்க. முடிஞ்சா நுளம்பு வலைக்கு மாறுங்க. திரிக்கு அலாரம் கத்துது எண்டு அலாரத்த கழட்டுறவங்க இருக்காங்க, நான் அவங்கட்ட கேக்கிறது திரிய கழட்டுங்க எண்டுதான்.

மீன் பொரிக்கேக்க கத்தினது, பெட்டரிய கழட்டி மேசையில வச்சன், பிறகு மறந்து போச்சு. இப்ப ரெண்டு மாசம். பரவாயில்லையா?

பரவாயில்லை எண்டு என்னால சொல்லேலாது அக்கா, இண்டைக்கே போடுங்க. கத்தின நேரம் செய்ய வேண்டியது கதவ திறந்து ஒரு துவாயால அலாரத்துக்கு கீழ விசிறுறது, ஒரு நிமிஷத்தில நிக்கும். திரும்ப திரும்ப வருதெண்டா இடம் பிழை, குசினி கேள்வியில சொன்ன தூரத்துக்கு மாத்துங்க. சில மொடல்ல பெட்டரி கழட்டவே ஏலாது, 10 வருஷத்துக்கு உள்ளயே மூடி வந்திருக்கும். காசு கூட, ஆனா மறதிக்காரருக்கு நான் அதத்தான் சொல்றது.

நடுச்சாமத்தில நிமிஷத்துக்கு ஒருக்கா 'கீக்' எண்டு ஒரு சத்தம், புகையும் இல்ல. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

பெட்டரி இறங்குது, அவ்வளவுதான். 30 செக்கனுக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒருக்கா ஒரே ஒரு கீக் எண்டா பெட்டரி. மூண்டு சத்தம், நிறுத்தி, திரும்ப மூண்டு எண்டு விடாம வந்தா புகை. புகையையும் காபன் மொனொக்சைட்டையும் சேத்து பிடிக்கிற அலாரம் எண்டா நாலு நாலா வாறது காபன் மொனொக்சைட், அப்ப வெளிய ஓடுங்க. விடியப்புறம்தான் கீக் தொடங்கும், ஏனெண்டா குளிர் நேரம் பெட்டரிக்கு பலம் குறையும், மார்கழி மழைக்குள்ள எனக்கு வாற கோல் கூட இதுதான். புது பெட்டரி போட்டும் கீக் நிக்கேல்ல எண்டா பின்னால திகதிய பாருங்க, 10 வருஷம் முடிஞ்சிருக்கும்.

என்ன பெட்டரி? ஒரே மாதிரி ரெண்டு இருக்கு, ஒண்டு பாதி விலை.

9 வோல்ட் சதுர பெட்டரியில எழுத்த பாருங்க. 6எஃப்22 எண்டா சாதாரண கார்பன், 6எல்ஆர்61 எண்டா அல்கலைன். ரெண்டாவத வாங்குங்க, வருஷத்துக்கு ஒருக்கா மாத்தினா காணும். நான் தைப்பொங்கலுக்கு வீடு தூசு தட்டேக்க மாத்திறன், மறக்காது. சார்ஜ் பண்ற பெட்டரி வேண்டாம், அது சும்மா கிடந்தே இறங்கும், இறங்கேக்க திடீரெண்டு விழும், கீக் சொல்லவும் நேரம் இராது.

மாசாமாசம் என்ன செய்யோணும்?

டெஸ்ட் பட்டன கத்தும் வரைக்கும் அமத்திப் பிடியுங்க, ஏணி வேண்டாம், தும்புத்தடி பிடியால அமத்தலாம். பிறகு காஞ்ச பெயின்ட் பிரஷால பக்கத்து ஓட்டைகள தட்டி விடுங்க. தண்ணி, சோப், நுளம்பு ஸ்ப்ரே ஒண்டும் கிட்ட கொண்டு போகாதீங்க. பொங்கலுக்கு சீலிங் பெயின்ட் அடிக்க வாறவங்க அலாரத்துக்கும் சேத்து அடிச்சு விட்டிருவாங்க, ஓட்டை அடைபட்டா அது செத்த மாதிரி, முதலே கழட்டி வையுங்க, வேலை முடிய திரும்ப பூட்டுங்க.

எங்கட ஊரில ரெண்டு எதிரி, பூச்சியும் உப்பு காத்தும். சிலந்தியும் எறும்பும் உள்ளுக்க போய் அந்த வெளிச்சத்துக்கு குறுக்க நிண்டா புகை எண்டு நினைச்சு கத்தும். நிலாவெளியில கடலுக்கு நேர ஒரு வீட்டில பெட்டரி முனையில பச்சை பூத்து ஒட்டிப்போய் கிடந்தது, பாக்க அலாரம் புதுசு, உள்ள கரண்ட் போகேல்ல. கடலோர வீடெண்டா மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பெட்டரி மூடிய திறந்து பாருங்க.

பட்டன அமத்தினா கத்துதே, பிறகு ஏன் 10 வருஷத்தில மாத்தோணும்?

சத்தம் போடுற பகுதி 20 வருஷமும் நிக்கும், புகைய பாக்கிற கண் நிக்காது. தூசி, எண்ணெய் ஆவி, பூச்சி எல்லாம் படிஞ்சு படிஞ்சு மங்கும். 10 வருஷம் எண்டு எண்ணுறது வாங்கின நாளில இருந்தில்ல, பின்னால அடிச்ச தயாரிப்பு திகதியில இருந்து. கடையில கனநாள் கிடந்த சாமான வாங்கினா அந்த வருஷம் உங்களுக்கு நட்டம். பூட்ட முதல் மாத்த வேண்டிய வருஷத்த மார்க்கரால பக்கத்தில பெரிசா எழுதி வையுங்க.

காஸ் லீக் ஆனாலும் கத்தும்தானே?

கத்தாது. 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடிச்ச நேரம் கனபேர் புகை அலாரம் வாங்கிட்டு நிம்மதியா இருந்தாங்க, ரெண்டும் வேற. சமையல் காஸ் காத்த விட பாரம், தரையோட படரும், அதால காஸ் டிடெக்டர் தரையில இருந்து ஒரு அடி உயரத்தில பூட்டுறது, சீலிங்ல பூட்டினா பிரயோசனம் இல்ல. மணம் வந்தா லைட் சுவிச்ச போடவும் வேண்டாம் நிப்பாட்டவும் வேண்டாம், ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல திறந்து, வெளிய வாங்க.

கரண்ட் இல்லாத நேரம் என்ன நடக்கும்? புது வீடு கட்டுறம், வயரோட போடலாமா?

பெட்டரி அலாரத்துக்கு கரண்ட் கட் ஒண்டும் செய்யாது. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்டது ஞாபகம் இருக்கும், வீட்டுக்கு வீடு மெழுகுதிரியும் குப்பி விளக்கும், அப்பிடியான ராத்திரிக்குத்தான் அலாரம் கூட வேணும். ஜெனரேட்டர வீட்டுக்குள்ளயோ விறாந்தையிலயோ ஓட விடவே வேண்டாம், அதின்ட புகையிலயும் அதே காபன் மொனொக்சைட்தான்.

புது வீடெண்டா இப்பவே வயரிங் பாஸிட்ட சொல்லுங்க, 230 வோல்ட் அலாரம், உள்ளுக்க பெட்டரியும் இருக்கிற வகை, எல்லாத்தையும் ஒரு வயரால கோத்து. ஒண்டு கத்தினா எல்லாம் கத்தும், கீழ குசினிப்பக்கம் நெருப்பு எண்டா மேல படுக்கிறவனுக்கு கேக்கும். தனி பிரேக்கர் போடாம தினமும் பாவிக்கிற ஹோல் லைட் லைன்ல எடுங்க, ஏனெண்டா தனி பிரேக்கர் விழுந்தா மாசக்கணக்கா ஒருத்தருக்கும் தெரியாது, ஹோல் லைட் எரியாட்டி அண்டைக்கே தெரியும். கட்டி முடிஞ்ச வீட்டுக்கு வயர் இல்லாம ரேடியோவால சேருற அலாரம் இருக்கு.

வாடகை வீடு, வீட்டுக்காரர் சுவரில ஓட்டை போட விட மாட்டார்.

சின்ன ரெண்டு ஓட்டைதான், கேட்டு பாருங்க, அவர்ட வீட்டத்தானே காப்பாத்துது. விடேல்ல எண்டா நல்ல ரெட்டைப்பக்க டேப், மாசம் மாசம் இழுத்து பாருங்க, எங்கட வெக்கைக்கு பசை இளகும். வீடு மாறேக்க கழட்டிக்கொண்டு போங்க.

அப்பாக்கு காது மந்தம், மகனுக்கு இடி விழுந்தாலும் எழும்ப மாட்டான். பிறகென்ன பிரயோசனம்?

வயசு போனா முதல்ல போறது கீச்சு சத்தம் கேக்கிற காதுதான், அலாரமும் கீச்சு சத்தம். 520 ஹெர்ட்ஸ்ல அடிவயித்து குரல் மாதிரி கத்துறது இருக்கு, தலகாணிக்கு கீழ வைக்கிற அதிரும் தட்டு இருக்கு, வெளிநாட்டில இருந்து வாறவங்கட்ட சொல்லி எடுக்கலாம். சின்ன பிள்ளைகளும் கன நேரம் எழும்பாதுகள், அது அவங்கட பிழையில்ல, அந்த வயசு நித்திரை அப்பிடி. அதால அலாரம் அவங்கள எழுப்பும் எண்டு நம்பாம, உங்கள எழுப்பும், நீங்க அவங்கள தூக்குவீங்க எண்டு கணக்கு வையுங்க. ஆர் அப்பாவ எழுப்புறது, ஆர் பிள்ளைய தூக்குறது எண்டு இண்டைக்கு சாப்பிடேக்கயே கதைச்சு வையுங்க.

கத்தினா பிறகு என்ன செய்யிறது? ஜன்னல் எல்லாம் கிரில் போட்டிருக்கம்.

இந்த கேள்விய கேக்கிறவங்க குறைவு, எனக்கு கூடுதலா பயம் தாறது இதுதான். மெத்தை சோபா பத்தினா ரெண்டு மூண்டு நிமிஷம்தான் கைல. எங்கட வீடுகள்ல கள்ளனுக்கு பயந்து ஜன்னலுக்கு கிரில், முன் கதவுக்கு கிரில், அதுக்கு ஆமைப்பூட்டு, திறப்பு அம்மாட ஹேண்ட்பேக்ல, ஹேண்ட்பேக் அலுமாரிக்குள்ள, அலுமாரி பூட்டியிருக்கு. இருட்டு, புகை, கண் எரியுது. அலாரம் தந்த மூண்டு நிமிஷமும் திறப்பு தேடியே போயிரும்.

திறப்ப உள் பக்கம், கதவுக்கு கிட்ட, வெளிய இருந்து கை எட்டாத மாதிரி ஆணியில தொங்க விடுங்க, வேற எதுக்கும் எடுக்கக்கூடாது. ஒரு ஜன்னல் கிரில்லயாவது பிணைச்சல் போட்டு உள்ளால திறக்கிற மாதிரி செய்யுங்க, வெல்டிங் கடையில அரை நாள் வேலை. கத்தினா தவழ்ந்து வாங்க, கீழதான் நல்ல காத்து, அந்த சுவர் கோட்ட நினைச்சுக்கொள்ளுங்க. கதவ திறக்க முதல் புறங்கையால தொட்டு பாருங்க, சூடெண்டா திறக்காம மற்ற பக்கம். வெளிய வரேக்க அறைக்கதவ சாத்துங்க, போனுக்கும் நகைக்கும் திரும்பி போகாதீங்க. வெளிய நிண்டு 110க்கு அடியுங்க, அம்புலன்ஸ் 1990. குச்சவெளி, மூதூர் பக்கம் எண்டா வண்டி வந்து சேர நேரம் எடுக்கும், நீங்களா வெளிய வாறதுதான் முதல் வேலை.

நான் வீட்டில லைட்ட நிப்பாட்டிட்டு ஒரு ராத்திரி பட்டன அமத்தி பாத்தன். முதல் தரம் மனிசி, ரெண்டு பிள்ளைகள், மாமி எல்லாரும் முத்தத்துக்கு வர நாலு நிமிஷத்துக்கு கிட்ட, திறப்பு மாறிப்போச்சு. பிறகு ஆமைப்பூட்டு திறப்புக்கு மட்டும் சிவப்பு றிபன் கட்டி, சின்னவனுக்கு எட்டுற உயரத்தில ஆணிய இறக்கி அடிச்சன். அடுத்த கிழமை திரும்ப அமத்தினன், ஒரு நிமிஷம் பத்து செக்கன், கதவ திறந்தது அவன்தான்.